மாப்பிள்ளைப் பக்கத்து விசாரணை

வெள்ளைக்காரன் என்பதற்காகப் பெண் கொடுக்குமுன் விசாரிக்காமல் விட முடியுமா? இலண்டன் மோர்டனில் இருக்கும் பாலேந்திராவுக்கு அது சரிப்படாது. மகள் தர்மிகா கட்ட விரும்பிய டேனியல் ஃபோஸ்டர் தங்கமான பிள்ளைதான். இருந்தாலும் பரம்பரை தெரிய வேண்டுமே. ஊரிலென்றால் இரண்டு பேரிடம் கேட்டால் போதும். இங்கே டேனியலிடமே அவன் பாட்டனின் பெயரை நைசாகக் கேட்டுக்கொண்டு நூலகத்தில் போய்க் குந்தினார்.

மூன்று வாரத்தில் தலை சுற்றிவிட்டது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அந்தக் குடும்பத்து ஃபோஸ்டர்களே இல்லை. பிந்திய பதிவுகளில் ஃபோஸ்டர்கள் இருந்த கிழக்கு இலண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டில், அதே பிள்ளைகளோடு அப்போது இருந்தவர் ஹெர்மன் ஃபோகல். பன்றியிறைச்சிக் கடை வைத்திருந்தவர், பிறந்தது ஜெர்மனியில். ஜெர்மனியோடு யுத்தம் நடந்த 1915இல் சனம் கடையை அடித்து நொறுக்கியிருக்கிறது. அதன்பிறகுதான் குடும்பம் ஃபோஸ்டராகியிருக்கிறது.

"பாத்தியே, பேரை மாத்தின ஆக்கள்!" என்று வீட்டுக்குள் நுழைந்ததுமே குதித்தார்.

மனைவி வசந்தமலர் நிமிர்ந்து பார்த்தாள். "ஆர் கதைக்கிறது எண்டு பாருங்கோவன்."

பாவம், மனுசனுக்கும் அதே கதைதான். 1990இல் பாலேந்திரா என்ற வேறு யாரோ ஒருவரின் கடவுச்சீட்டில் இலண்டனுக்கு வந்து இறங்கிய குலசிங்கம்தான் இவர். பயத்தில் அந்தப் பெயரையே அகதி விண்ணப்பத்தில் எழுதினார், பிறகு வேலைக்கு, கடைசியில் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு. தர்மிகா பாலேந்திரா. முன்பின் தெரியாத ஒருவனின் பெயரை அவள் இருபத்தெட்டு வருடமாகச் சுமக்கிறாள். சொன்னால் வெறுத்துவிடுவாளோ என்று பயந்தே நாளைக் கடத்திவிட்டார்.

இப்போது ஃபோகலைக் குறை சொல்வதா, கட்டிக்கொண்டு அழுவதா? ஒன்றும் விளங்கவில்லை. குழப்பத்தோடேயே ஞாயிற்றுக்கிழமை வந்த டேனியலிடம் அந்தத் தாள்களை நீட்டினார். அவன் வெட்கப்படுவானென்று நினைத்தார். அவனோ கண் கலங்கி அவரைக் கட்டிப்பிடித்தான், அந்த இடத்திலேயே தாய்க்குப் போன் போட்டான். இனி அங்கிளின் பக்கத்தையும் தேடுவோமென்று ஆங்கிலத்தில் துள்ளினான்.

"ஓமப்பா!" தர்மிகா போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். "அப்பப்பான்ர முழுப்பேர் என்ன?"

கடவுச்சீட்டின்படி அவரின் தகப்பன் கந்தப்பு. தோளில் தூக்கித் திரிந்து வளர்த்த சொந்தத் தகப்பனின் பெயர் சின்னையா. பாலேந்திரா மனைவியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வருவதாயில்லை.

"எந்த அப்பப்பா, பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

தர்மிகா போனை மெல்லக் கீழே வைத்தாள்.