ஈர மண்

இப்போது யாராவது பேப்பரில் ஒருவரைத் திட்டி எழுதினால், தூற்றினார்கள் என்கிறார்கள். நல்ல கூத்து. வாயால் செய்கிற வேலையா அது? களத்தில் காற்று வரும் பக்கம் பார்த்து நெல்லைத் தூற்றினால் பதர் பறந்து போகும். அதேபோல வயிறெரிந்தவள், துரோகம் செய்தவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள், இந்த மண்போல உன் குடும்பமும் பறந்து போகட்டும் என்று. ஊரே பார்க்கும். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஆனால் மண் பறக்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் அது சேர்த்தி இல்லை.

மலாயாவில், எங்கள் கேமரன் மலையில் பறக்கிற மண்ணுக்கு எங்கே போவது? காலையில் பனி, மத்தியானம் மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் யாரையும் தூற்றியதில்லை. என் வீட்டுக்காரர் சிங்காரம் அந்தத் தைரியத்தில்தான் கங்காணி வேலை பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். தேயிலை கவாத்து வெட்ட ஆளில்லாமல் மரமாக வளர்ந்தது. நாங்கள் மரவள்ளி நட்டுத் தின்றோம். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். முதலில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த லோரிக்கு யார் யார் என்று சொல்ல வேண்டியது கங்காணி. அவர் தம்பி ராமசாமி தேக்குக் கட்டை மாதிரி இருந்தான். அவன் பெயரைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கருப்பையாவைச் சொன்னார். கருப்பையா பெண்டாட்டி இராசம்மாவுக்கு அப்போது நிறை மாதம்.

இராசம்மா எங்களிடம் வந்து அழவில்லை. கோயிலடியில் மண் அள்ளி வந்து, முறத்தில் பரப்பி, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் வைத்துவிட்டாள். வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயம் முழுக்கத் தெரிந்துபோனது. கங்காணியை நிமிர்ந்து பார்க்கப் பயந்தவர்கள்கூட, ஆளுக்குக் கொஞ்சம் காய்ந்த விறகை அவள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மழைக்காலத்தில் காய்ந்த விறகின் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

இவர் முதலில் சிரித்தார். பிறகு சோறு இறங்கவில்லை. சோறு ஏது, மரவள்ளிதான். ஊரில் சித்தப்பா குடும்பம் அப்படித் தூற்றப்பட்டுத்தான் நாசமாய்ப் போனது என்று எத்தனையோ தடவை அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் கிடையாது. இராசம்மா அடுப்பு மூட்டினால் புகை எங்கள் வீட்டுக்குள் வரும். புகை வரும்போதெல்லாம் இவர் அந்தச் சுவரையே பார்ப்பார்.

“காஞ்சிருச்சா?” என்று ஒருநாள் கேட்டார்.

நான் என்னத்தைக் கண்டேன் என்றேன்.

“நீ பொம்பள, உள்ள போனா ஒண்ணும் சொல்ல மாட்டா. அதுல கொஞ்சம் தண்ணிய ஊத்திட்டு வந்துரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியை ஒளித்து வைத்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி புருஷனைக் காட்டிக்கொடுத்த மனுஷன், அவள் மண்ணையும் நனைத்துவிட்டு வரச் சொல்கிறார். குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். இராசம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குடத்தைப் பார்த்தாள், எழுந்திருக்க முடியவில்லை. நான் குடத்தைக் கீழே வைத்தேன். அவிந்துகொண்டிருந்த அடுப்பில் நல்ல விறகாகப் பார்த்துத் தள்ளி, ஊதிப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினேன்.

“நாளைக்குக் காஞ்சிரும்” என்று இவரிடம் சொன்னேன்.

விடிந்ததும் ஜப்பான்காரன் ஆபீஸ் இருந்த தானா ராத்தா டவுனுக்கு நடந்தார். சாயங்காலம் வந்து, கருப்பையா போக வேண்டியதில்லை என்று லயத்துக்கே கேட்கும்படி சொன்னார். இராசம்மா அந்த மண்ணைக் கொண்டுபோய்த் தேயிலைச் செடியடியில் கொட்டினாள். எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு ஆள் குறைந்தால் ஜப்பான்காரன் சும்மா விடுவானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

லோரி வந்தது. கீழ் லயத்து அம்மாக்கண்ணுவின் புருஷனை மரவள்ளிக் கொல்லையில் வைத்தே பிடித்து ஏற்றிக்கொண்டு போனது. பெயரை மாற்றிக் கொடுத்த இவர் முன்கூட்டி அவர்களிடம் சொல்லக்கூட இல்லை. ராமசாமி அப்போதும் வீட்டில்தான் குந்தியிருந்தான்.

அம்மாக்கண்ணு தூறலோடு மேலே ஏறி வந்தாள். எங்கள் வாசலிலேயே மண்ணைக் கையால் தோண்டி, வாரி வீசினாள். ஒன்றும் பறக்கவில்லை. கட்டி கட்டியாகப் படியில் விழுந்து ஒட்டியது. மறுபடியும் வீசினாள். அதுவும் அப்படியேதான்.

என் பின்னால் நின்ற இவர் மூச்சு விட்டார். “ஈர மண்ணு” என்றார்.

அம்மாக்கண்ணு சேறு படிந்த கைகளைப் பார்த்தபடி நின்றாள். நான் உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தேன். படியில் கிடந்ததை ஒன்று விடாமல் வழித்து முறத்தில் போட்டேன். இவர் ஏதோ சொன்னார், காதில் வாங்கவில்லை. அதை எங்கள் அடுப்புக்கு மேல் பரணில் வைத்து, விறகைத் தள்ளித் தீயை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

“நாளைக்கு வா” என்று அவளிடம் சொன்னேன். “காஞ்சிருக்கும்.”