முழங்கால் மேல் கொட்டை எழுத்து

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பஸ் நிறுத்தத்தில். விளையாட்டு ஷூ விளம்பரம். தடை தாண்டும் ஓட்டக்காரி ஒருத்தி அந்தரத்தில். அவள் முழங்காலுக்குக் குறுக்கே ‘நிற்காதே’ என்று கொட்டை எழுத்து. அச்சுத் தொழிலில் கோதிக் என்பார்கள். நெளிவு சுளிவு இல்லாத தடித்த கறுப்பு. விளையாட்டு விளம்பரம் என்றாலே இப்படித்தான் கத்தும். ஆனால் ஆகாயம் முழுக்கக் காலியாகக் கிடக்க, எழுத்தை ஏன் முழங்காலில் கொண்டுபோய் வைத்தான் படுபாவி? யோசித்ததில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

2

முதல் வரி: ‘அவன் எழுத்துகளை நேசித்தான்.’ (சே, வேண்டாம்.)

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு’ (அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அவன் விளம்பர ஆபீஸில் டிசைனர். ஆள் ஒல்லி, வைக்கிற எழுத்து பருமன். அதனால் ஆபீஸில் பெயர் ‘தடியன்’. ஓட்டக்காரி அவன் தங்கை. போட்டோவுக்காகப் பதினேழு தடவை தாண்டச் சொன்னார்கள். பதினேழாவதில் முழங்கால் வீங்கிவிட்டது. எல்லோருக்கும் பிடித்ததும் அந்தப் படம்தான். (வீக்கத்தைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கலாமே என்பீர்கள். அழித்துப் பார்த்தான். பொம்மைக் கால் மாதிரி ஆகிவிட்டது.)

“அண்ணா, யாருக்கும் தெரியக் கூடாது. ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்காம். முழுசாக் கிழிஞ்சா நடக்கிறதே கஷ்டம்னு டாக்டர் சொல்றார்.”

“அப்புறம் எதுக்குடி ஓடறே?”

“அடுத்து வர்ற போட்டியில ஜெயிச்சாத்தான் தேசிய அணி. எனக்கு இருபத்தொம்பது ஆச்சு. அடுத்த வருஷம் யார் என்னைக் கூப்பிடப் போறா? சத்தியமா யார்கிட்டயும் சொல்லாதே.”

எழுத்தை முழங்காலுக்கு இறக்கினான். ஷூ கம்பெனிக்காரருக்கு ஒரே குஷி. “அட, எழுத்தையே தாண்டற மாதிரி இருக்கே! இன்னும் தடிமனாப் போடுங்க!”

போட்டான்.

3

முடிவுகள்.

அ) ஜெயிக்கிறாள். எழுதிப் படித்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆ) மூன்றாவது தடையில் அவள் கால்

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

இ) போட்டி நாள். தங்கை கோட்டருகே கைகாலை உதறிக்கொண்டு நிற்கிறாள். தடியனுக்குப் பொறுக்கவில்லை. சொன்னால் ஜென்மத்துக்கும் பேச மாட்டாள் என்று தெரிந்தேதான் கோச்சிடம் ஓடுகிறான்.

“சார், அவ முழங்கால்…”

“தெரியும்பா.”

“எப்படி சார்?”

“உன் போஸ்டரைப் பாத்துத்தான். தடை தாண்டறவ முழங்காலை எவனாவது மறைப்பானா? நான் முதல்ல பாக்கறதே அதைத்தானே.”

“அப்போ ஏன் சார் நிறுத்தல?”

“நீ ஏன் இத்தனை நாளா நிறுத்தல?”

இரண்டு பேரும் மைதானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த மூன்றாவதைத்தான் என்னால் கிழித்துப் போட முடியவில்லை.

4

மன்னித்துவிடுங்கள், முடிவு என்னிடம் இல்லை. நினைத்திருந்தால் நானே அவளை உட்கார வைத்திருக்கலாம். ஒரு வரி போதும். கதை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஆக, தெரிந்தும் பேசாதவர்கள் அண்ணன், கோச், நான். இப்போது உங்களுக்கும் தெரியும்.

அவள் குனிந்து விரல்களைக் கோட்டில் ஊன்றிவிட்டாள். துப்பாக்கிக்காரர் கையைத் தூக்கிவிட்டார். சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள்.