ரோசாவைத் தொடாதேங்கோ

செவ்வரத்தையில் பூப் பறித்து முடித்துவிட்டுப் பெண்கள் நந்தியாவட்டைக்கு வந்துவிட்டார்கள். பனையோலைப் பெட்டி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அடுத்தது அலரி. அலரியைத் தாண்டினால் தண்ணீர்த் தொட்டியோரத்தில் அந்த ரோசாக் கன்று. மீனலோசனி கதவால் இதையெல்லாம் பார்த்தபடி இருந்தாள். எழும்பிப் போய் மறிக்கத்தான் வழியில்லை. செத்த வீட்டில் புருசனின் தலைமாட்டில் இருக்கிறவள் நினைத்த பாட்டுக்கு எழும்ப முடியுமா? கொஞ்சம் அசைந்தாலே இரண்டு பேர் தோளைப் பிடித்து இருத்துகிறார்கள், ஒருத்தி விசிறுகிறாள், இன்னொருத்தி சோடாப் போத்தலோடு ஓடி வருகிறாள். காலையில் ஒருதரம் அசைந்து பார்த்ததிலேயே அவளுக்கு அது விளங்கிப் போயிற்று.

கட்டிலில் பரமலிங்கம் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகக் கிடந்தார். நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சற்றுச் சரிந்தவர், தேத்தண்ணிக்கு எழுப்பப் போனபோது எழும்பவில்லை. நோய் நொடி என்று பாயில் கிடந்ததில்லை, நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டவர்களும் உண்டு. அவள் சொல்லவில்லை. சொன்னால் இழவு வீட்டிலும் சிரிப்பு வந்துவிடும். "நாளைக்கு வெயில் ஏற விரியும், கை வைச்சிடாதையும்" என்பதுதான் அந்த மனிசன் பெண்சாதிக்குக் கடைசியாகச் சொன்ன சொல்.

நயினாதீவில் ரோசா வளர்க்கலாம் என்று புத்தியுள்ள எவரும் நினைக்கமாட்டார்கள். இந்த வீட்டுக் கிணற்றில் அள்ளித் தேத்தண்ணி வைத்தால் எத்தனை கரண்டி சீனி போட்டாலும் உப்புக் கரிக்கும். ஆனால் பரமலிங்கம் நினைத்தார். யாழ்ப்பாணம் பஸ் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்து இளைப்பாறியவர். ஒரு பஸ் பிந்தினால் சாமி வந்தவர் மாதிரி ஆடிய மனிசன், இளைப்பாறியபின் எதற்கு ஆடுவது என்று தெரியாமல் பூக்கன்றில் இறங்கினார். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அலரியும் உப்புக்குப் பழகின சாதி, யார் வைத்தாலும் பிடிக்கும். அதில் அவருக்குத் திருப்தி இல்லை. யாழ்ப்பாணத்தில் ரோசாக் கன்று வாங்கி, போட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நட்டார். முதல் கன்று இலை கருகிச் செத்தது. அடுத்ததும் செத்தது. அதற்கடுத்ததைப் பிடுங்கி எறிந்த அன்று அவர் சோறு தின்னவில்லை.

அது சண்டை ஓய்ந்த சமாதானப் பேச்சுக் காலம். பாதை திறந்து, பட்டணத்தில் சந்திக்குச் சந்தி நெட் கபே முளைத்திருந்தது. பஸ்ராண்டுக்குப் பின்னால் ஊர்காவற்றுறைச் சவிரிமுத்து வைத்திருந்த கடைக்கு, கனடாவில் இருக்கிற மகள் சிவரூபியோடு கதைக்கவென்று போன பரமலிங்கம், மகளை விட்டுவிட்டு வேறொரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். உலகத்தில் இருக்கிற பூக்கன்று விசரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற இடம் ஒன்று கொம்பியூட்டருக்குள் இருக்கிறது என்று சவிரிமுத்துதான் காட்டிக் கொடுத்தான். கடலுக்கு நடுவில் இருக்கிறேன், கிணறு உப்பு, ரோசா வளருமா என்று இவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஆங்கிலத்தில் கேட்டார். அடுத்த கிழமை போனால் பதில்கள் குவிந்து கிடந்தனவாம்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் முதல் போட்டில் குறிகட்டுவான் துறைக்குப் போய் பஸ் ஏறிவிடுவார். திரும்பி வந்தால் சோற்றோடு அந்தக் கதைதான். ஹொலண்டில் வில்லமினா என்றொரு கிழவி, கடலைக் கட்டி மறித்து எடுத்த நிலத்தில் தோட்டம் செய்கிறவள். கன்றை மேட்டில் நடு, கிணற்றுத் தண்ணீரைக் கண்ணிலும் காட்டாதே, மழைத் தண்ணீரைச் சேர்த்து அதை மட்டும் ஊற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஒல்லாந்தர் அந்தக் காலத்தில் இங்கிருந்து அள்ளிப் போனதுக்கு இவள் ஒருத்தி திருப்பித் தருகிறாள் என்று சொல்லி அவர் சிரிப்பார். மீனலோசனிக்குச் சிரிப்பு வராது. ஊர்ச்சனம் மழைத் தண்ணீரைக் குடிக்க ஏந்தும். இந்த வீட்டில் கூரையால் விழுகிறதெல்லாம் பீலி வழியாகச் சீமெந்துத் தொட்டிக்குப் போய் ரோசாவுக்குக் காவல் கிடந்தது. ஒரு தேத்தண்ணிக்கு மட்டும் எடுக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "நீர் உப்பிலயே பிறந்து வளர்ந்தனீர், உமக்கு ஒண்டும் செய்யாது" என்றார். அவள் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் கன்று பிழைத்துவிட்டது. தை பிறக்க நுனியில் ஒரு மொட்டும் வந்தது. படம் போடு, படம் போடு என்று கொம்பியூட்டர்க் கூட்டம் நச்சரித்ததாம். காலையில் கண் விழித்ததும் முதலில் உன் ரோசா பூத்துவிட்டதா என்றுதான் பார்க்கிறேன் என்று வில்லமினா எழுதியிருந்தாளாம். சவிரிமுத்து புதிதாக ஒரு டிஜிற்றல் கமரா வாங்கியிருந்தான். வியாழக்கிழமை தானே வந்து எடுத்துத் தருவதாகச் சொன்னான். மீனலோசனிக்கு முதற்பூ நாகபூசணி அம்மாளுக்குப் போகவேண்டும். எது முதலில் பூத்தாலும் காய்த்தாலும் அம்மாளுக்கு என்பது அந்தத் தீவில் எல்லா வீட்டுக்கும் பொது. பேச்சு முற்றி, கடைசியில் முதலில் படம், பிறகு அம்மாள் என்று முடிவாயிற்று.

"அந்தச் சனத்துக்கு ஒரு பூக் காட்டவேணுமப்பா. என்னை ஆரெண்டே தெரியாமல் சொல்லித் தந்ததுகள்."

இதைச் சொல்லும்போது அவருடைய முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கன்றோடு கோபிக்கவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. சாவுத் துடக்கு விழுந்த வீட்டுப் பூ இனி அம்மாளுக்கு ஆகாது. படம் ஒன்றுதான் மிச்சம்.

விடிந்ததிலிருந்து அந்தத் தோட்டம் பட்ட பாட்டை அவள் தலைமாட்டில் இருந்தே பார்த்தாள். பந்தல் போட வந்த ஆண்கள் முற்றத்துப் பூச்சாடிகளைத் தூக்கி வீட்டின் பின்கோடிக்குள் அடுக்கினார்கள். சனம் நிற்க இடம் வேண்டாமா? நல்ல மனத்தோடுதான் தூக்கினார்கள். பிறகு அடுப்பு மூட்டியவர்கள் சீமெந்துத் தொட்டியைக் கண்டுபிடித்தார்கள். வாளி வாளியாக அள்ளித் தேத்தண்ணி வைத்தார்கள். இப்படியொரு தேத்தண்ணி இந்தத் தீவில் குடித்ததில்லை என்று ஒரு கிழவர் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். வெயில் ஏறுமுன்பே தொட்டி வறண்டுபோயிற்று.

சரி, போகட்டும். தண்ணீர் போனால் மழை வரும், சாடியைத் திருப்பி வைக்கலாம். சவிரிமுத்து வருமட்டும் பூவை மட்டும் கன்றில் விட்டுவைத்தால் போதும், பிறகு என்னவும் செய்யட்டும். பெரிய காரியமா கேட்கிறாள்?

பெண்கள் அலரிக்கு வந்துவிட்டார்கள். மீனலோசனி பக்கத்தில் இருந்த சிவக்கொழுந்துவின் கையைப் பிடித்தாள். சிவக்கொழுந்து பரமலிங்கத்தின் தமக்கை. செத்த வீட்டின் சகல அலுவலும் அவளுடைய கண்ணசைவில்தான் நடந்தன.

"மச்சாள், ரோசாவைத் தொடாதேங்கோ எண்டு சொல்லுங்கோ. அவர் சொன்னவர்."

சிவக்கொழுந்து திரும்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல், ஒரு சொல்லும் பேசாமல் மரக்கட்டையாக இருந்தவள் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள். துக்கம் உள்ளே கிடந்து நெஞ்சை அடைத்துவிடும், எப்போது வெளியே வரும் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சிவக்கொழுந்து அவளைக் கட்டிப் பிடித்துக் குரலெடுத்தாள்.

"ரோசாவைத் தொடாதேங்கோ எண்டு சொன்ன என்ரை ராசா, இதை ஆரிட்டை ஒப்படைச்சுப் போட்டுப் போனாய்..."

சுற்றியிருந்த பெண்கள் தலையோடு தலை சேர்த்து அந்த ஒப்பாரி அடியை வாங்கிக்கொண்டார்கள். இல்லை மச்சாள், நான் அழவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றாள் மீனலோசனி. அந்த 'இல்லை'யும் ஒப்பாரிக்குள் போயிற்று. படம் எடுக்க ஆள் வருகிறது என்றாள். வாய்விட்டு அழு பிள்ளை, அழு என்று முதுகைத் தடவினார்கள். அவள் எதைச் சொன்னாலும் அது பாட்டாகிப் பத்துக் குரலில் திரும்பி வந்தது. அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பாழாய்ப்போன ஆற்றாமையில் வந்த அழுகை. எல்லாருக்கும் பெரிய நிம்மதியாகப் போயிற்று.

குரல் ஓய்ந்ததும் சிவக்கொழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி வெளியே போனாள். மீனலோசனி கண்ணீரோடு பார்த்தாள். ரோசாவுக்குக் கை நீட்டிய பெண்ணைச் சிவக்கொழுந்து மறித்தாள். அதைத் தொடவேண்டாம் என்று சொல்வது இங்கே கேட்டது. அம்மாளே, மச்சாளுக்கு விளங்கிவிட்டது! மீனலோசனி மூச்சு விட்டாள். விட்ட மூச்சை எடுக்குமுன் சிவக்கொழுந்து குனிந்து, தானே அந்தப் பூவைக் காம்போடு முறித்தாள்.

இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பிறத்தியார் தொடக்கூடாது எண்டுதானே தம்பி சொல்லியிருப்பான். நான் கூடப் பிறந்தவள், நான் தொடலாம்."

சேர்த்துக் கட்டியிருந்த அவருடைய கைப் பெருவிரல்களுக்கு இடையில் அதைச் செருகினாள். கருஞ்சிவப்புப் பூ, பாதிதான் அவிழ்ந்திருந்தது. தமக்கையின் கண்ணீர் அந்தக் கையிலேயே விழுந்தது. இவளை எப்படிக் கோபிப்பது? மீனலோசனி கோபிக்க ஆள் தேடி அலுத்துப்போனாள்.

சவப்பெட்டி போட்டில் வந்தது. பெட்டியோடு சவிரிமுத்துவும் வந்தான். துறையில் நேவிக்காரர் கமராவைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்களாம். பூவைப் படம் எடுக்கவென்று போட் ஏறியவன், பக்கத்தில் கிடந்த பெட்டி ஆருக்கு என்று கேட்டபோதுதான் செய்தி தெரிந்து அப்படியே இருந்துவிட்டானாம். படலைக்குள் கால் வைக்க முன்பே சிவக்கொழுந்து அவனைக் கையோடு பிடித்துக்கொண்டாள். சிவரூபிக்கு நிறைமாதம், பிளேன் ஏற ஏலாது. தகப்பனின் முகத்தைப் படத்தில் பார்த்தால்தான் உண்டு. ஆகவே முதலில் தமக்கை குடும்பம் தலைமாட்டில், பிறகு மச்சான்மார், பிறகு அயலட்டை, பிறகு கோயில் ஆட்கள் என்று ஒழுங்கு பண்ணினாள். கமராக்காரனை ஆர் கூப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்த வீட்டுக்குக் கமராக்காரன் வருவதுதானே இப்போது வழக்கம்.

அந்த நேரந்தான் ரோசா விரிந்தது. சனத்தின் வெக்கையோ, பந்தலால் விழுந்த வெயிலோ, அவர் சொன்ன நேரந்தானோ. பெட்டிக்குள், அவருடைய விரல்களுக்கு நடுவில் வெளியிதழ் ஒன்று மெல்லக் கழன்று மடிந்தது. அடுத்ததும் மடிந்தது. மீனலோசனியைத் தவிர ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சவிரிமுத்துவைக் கண்ணால் கூப்பிட்டாள். அவன் கிட்ட வந்து குனிந்தான்.

"தம்பி, பூ."

அவனுக்கு உடனே விளங்கியது. அவளுடைய ஒற்றைச் சொல்லை ஒற்றைச் சொல்லாகவே கேட்டவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான். கமராவை எடுத்துக் கையடிக்குக் கொண்டுபோனான். அதற்குள் டிப்போவில் கூட வேலை செய்தவர்கள் வந்துவிட்டார்கள். தோள் தடிப்பில் ஒரு சம்பங்கி மாலை. நாலு பேராய்ப் பிடித்துக் கழுத்திலிருந்து முழங்கால் மட்டும் விழுத்தினார்கள். பூவும் விரலும் அதற்குள் மூடுண்டன. இப்ப எடும், மாலையோடு வடிவாய் விழும் என்று ஒருவர் சொன்னார். சவிரிமுத்து மாலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இறந்தவருக்குப் போட்ட மாலையை விலக்க இந்த ஊரில் கை துணிந்தவர் இல்லை. அவன் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்க வேதக்காரன், அவனுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்? அந்த டிப்போக்காரர் சொன்னபடி எடுத்தான்.

குருக்கள் வந்தார், கிரியை முடிந்தது, வாய்க்கரிசி போட்டார்கள். மூடியைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கேட்டபோது சவிரிமுத்து சனத்தை விலக்கிக்கொண்டு அவளருகில் குந்தினான்.

"அக்கா, அந்த ஒல்லாந்துக் கிழவி இண்டைக்குக் காலமையும் கேட்டு எழுதியிருக்கிறா. நான் என்னெண்டு எழுத?"

"விரிஞ்சது எண்டு எழுதும்."

"அண்ணையைப் பற்றி?"

அவள் வாயைத் திறந்தாள். வெளியே பறை எழும்பியது. பெட்டியைத் தூக்கினார்கள், பெண்கள் ஓவென்று விழுந்தார்கள், அவளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நெரிசலில் சவிரிமுத்து எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை.

பெட்டி படலையைத் தாண்டியதும் வீடு கழுவத் தொடங்கினார்கள். மீனலோசனியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கல்லில் இருத்தி, ஆளுக்கொரு வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் ரோசாக் கன்று நேரே தெரிந்தது. முறித்த இடத்துக்குக் கீழே, இலைக் கக்கத்தில், அரிசியளவில் சிவப்பாக ஒரு முளை இருந்தது. நேற்றும் அது இருந்ததா? அவருக்குத் தெரிந்திருக்கும்.

விறாந்தை கழுவிக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பெண் அந்தப் பக்கம் வந்து நின்றாள். வறண்ட தொட்டியைப் பார்த்தாள், கன்றைப் பார்த்தாள். அவளுக்கும் மனம் பொறுக்கவில்லை.

"பாவம், இந்தக் கண்டுக்கு இண்டைக்கு ஒருத்தரும் தண்ணி விடேல்லை."

கிணற்றில் அள்ளி வைத்திருந்த வாளியைத் தூக்கி அடியில் முழுதாக ஊற்றினாள். மீனலோசனி கையை உயர்த்தி வாயைத் திறந்தாள். அதே நேரம் அடுத்த வாளி அவள் தலையில் விழுந்தது. வாய்க்குள் போன தண்ணீர் கரித்தது. அவள் அதை விழுங்கினாள்.