முழங்கைக்கு ஒரு குமிழ்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு. முதலில் அதை எழுதிவிட்டால் மற்றதை நிம்மதியாக எழுதலாம்.

அக்காவின் கிட்டாருக்கு எந்த நிறம் என்று முடிவு செய்ய, ஒரே மரத்திலிருந்து சிறு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகச் சாயம் ஏற்றியிருந்தேன். எந்தச் சாயம், எத்தனை முறை, நடுவில் தேய்த்தேனா இல்லையா, எல்லாம் எண் வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். எண்களைத் துண்டுகளின் பின்புறம் பென்சிலால் போட்டிருந்தேன். முன்புறம் வழவழவென்றும் பின்புறம் சொரசொரவென்றும் இருந்தது கண்ணை உறுத்தியது. உப்புத்தாளை எடுத்து எல்லாவற்றின் பின்புறத்தையும் தேய்த்து, தூசி தட்டி, அழகாக அடுக்கிய பிறகுதான் என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது.

"பல்லைச் சுத்தம் பண்ணச் சொன்னா பல்லையே பிடுங்கிட்டீங்களேம்மா," என்றார் பக்கத்து மேசைப் பல் டாக்டர்.

அவர் நிஜமாகவே பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருந்துவிட்டு, மாலையில் இந்தத் தச்சு வகுப்புக்கு வந்து புத்தக அலமாரி செய்கிறார். பலகையில் துளை போடும் முன், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவார். நான் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறேன். வகுப்பில் எல்லோரும் அலமாரி, முக்காலி என்று எடுத்துக்கொண்டபோது நான் மட்டும் எலெக்ட்ரிக் கிட்டார் என்று கையைத் தூக்கினேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

காரணம் அக்கா. அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். ஓய்வு நாளில் நண்பர்களோடு ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். இத்தனை காலமும் அவள் வாசித்தது இரவல் கிட்டார். அதன் சொந்தக்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகி, போன மாதம் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாதக் கடைசியில் நூலக அரங்கில் அவர்களுடைய நிகழ்ச்சி இருக்கிறது. அதற்குள் கிட்டார் வராவிட்டால் வேறொருவர் அவள் இடத்தில் நிற்பார். வேறு கிட்டார் ஏதாவது வாங்கிக்கொள்ளலாமே என்று அம்மா கேட்டதற்கு, "எதுவும் எனக்குச் சரிவராதும்மா" என்று மட்டும் சொன்னாள். இடது கைக்காரி, அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே இடது கைக்காரர்களுக்கான கிட்டார் வரைந்தேன். வழக்கமான வரைபடத்தை எடுத்து, கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாற்றினேன். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதிரே உட்காருபவரின் இடது கண் என் வலது பக்கம் வரும் என்று கடையில் தினமும் மாற்றி யோசித்தே பழகியவள் நான்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு பலகைதான். மரம் குடையும் இயந்திரத்தில் எனக்கான முறை வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை நிகழ்ச்சி முடிந்த பிறகுதான். பலகையில் குடைந்த குழியை மறுபடி நிரப்ப முடியாது. எனக்கு இருப்பது பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வடிவம் தயார், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் இடம் தயார், கம்பிகள் ஓடும் கழுத்து இசைக்கருவிக் கடையிலிருந்து வந்துவிட்டது. நிறம் மட்டும்தான் பாக்கி.

நிறத்தை அக்கா போன வாரமே தேர்ந்தெடுத்துவிட்டாள். ஒரு நீலத் துண்டைத் தூக்கிப் பிடித்து, "அடியே ஸ்கேலு! இதான்டி! மழை பெஞ்ச ரோட்டுல நம்ம வண்டி விளக்கு விழுமே, அதே நீலம்!" என்று குதித்தாள். ஸ்கேல் என்பது நான்தான். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டுக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவில் அளந்து வைத்ததால் வந்த பெயர்.

இப்போது அந்த நீலம் எந்த எண் என்று தெரியாது. ஒன்றுக்கொன்று நெருக்கமாக மூன்று நீலங்கள் இருக்கின்றன. அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பின்னால் யாரோ, "என்ன ஆச்சு?" என்று கேட்பது கேட்டது. நாளை வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்கே வருகிறாளாம்.

மார்ச் 12, புதன்

பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

அக்கா சீருடையோடு வந்து நின்றாள். பட்டறையில் எல்லோரும் ஒரு நொடி வேலையை நிறுத்திவிட்டார்கள். "யாருக்கு என்ன அடிபட்டுது?" என்று டீச்சர் ஓடி வந்தார். எங்கள் டீச்சருக்கு அக்கா வயதுதான் இருக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சில்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. இவ மானம்தான் போயிருக்கு. அள்ளிட்டுப் போக வந்தேன்," என்றாள் அக்கா.

மூன்று நீலங்களையும் ஜன்னலோரம் வைத்தேன். சட்டென்று நடுத்துண்டை எடுத்தாள். அதிகம் யோசிக்கவே இல்லை. அது எந்தச் சேர்மானம் என்பதற்கு நேற்று படுக்கையிலேயே ஒரு வழி தோன்றியிருந்தது. முன்னும் பின்னும் தேய்த்த நான், துண்டுகளின் வெட்டு முனைகளைத் தொடவில்லை. மரத்தின் வெட்டு முனை சாயத்தை உறிஞ்சிக் குடிக்கும், குடித்ததை விடாது. கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அக்கா எடுத்த துண்டின் முனையில் உள்ளே கறுப்பு, அதைச் சுற்றி நீலம். அப்படியானால் முதலில் கறுப்பு பூசி, காய்ந்ததும் தேய்த்து எடுத்து, மரத்தின் ரேகைகளில் மட்டும் கறுப்பை நிற்க வைத்து, அதன்மேல் நீலம் ஏற்றிய துண்டு. மற்ற இரண்டின் முனைகளில் கறுப்பு தனியாக இல்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தியேவிட்டேன். நான் பட்டறையில் கத்தியது இதுதான் முதல் முறை. பல் டாக்டர் கை தட்டினார்.

அதோடு அக்கா போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மேசைமேல் அட்டை கிட்டார் கிடந்தது. வரைபடத்தை நிஜ அளவில் அட்டையில் வெட்டி, கழுத்தையும் ஒட்டி, ஆறு கம்பிகளையும் அவற்றின் தடிமனுக்கு ஏற்ப மையால் வரைந்து, குமிழ்கள் இருக்குமிடத்தில் பாட்டில் மூடிகளை ஒட்டி வைத்திருந்தேன். அக்கா அதை எடுத்து ஒரு சணல் கயிற்றால் தோளில் மாட்டிக்கொண்டாள். வாயாலேயே வாசிக்க ஆரம்பித்தாள். "டங்க டங்க டிய்யாவ்" என்று அவள் ஆடியதில் மரத்தூள் பறந்தது. அந்த "டிய்யாவ்" வரும்போது அவள் முழங்கை மேலே போய் எதையோ தேடித் தடவியது. மறுபடி தடவியது.

"வால்யூம் எங்கடி?"

"கீழக்கா. மூடி ஒட்டியிருக்கேன் பாரு."

"கீழயா? கீழ யாரு வெப்பா? முழங்கை எப்படிடி அங்க போகும்?"

"குமிழை விரலாலதானக்கா திருகுவாங்க."

"நான் முழங்கையாலதான் திருகுவேன்." குனிந்து அட்டையைப் பார்த்தாள். "ஆமா, கம்பியெல்லாம் ஏன் தலைகீழா வரைஞ்சிருக்க?"

"தலைகீழ் இல்லக்கா. தடிக்கம்பி மேல, மெல்லிசு கீழ. எல்லா கிட்டாரும் அப்படித்தான்."

"என்னோடது அப்படி இல்லியே."

அப்போதுதான் விளங்கியது. இரவல் கிட்டார் வலது கைக்காரருடையது. அக்கா அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் அப்படியே கவிழ்த்துப் பிடித்து வாசிக்கக் கற்றுக்கொண்டவள். கவிழ்த்தால் மெல்லிய கம்பி மேலே வரும், தடித்த கம்பி கீழே போகும், கீழே இருக்க வேண்டிய குமிழ்கள் முழங்கைக்கு அடியில் வந்து உட்காரும். எல்லோரும் மெல்லிய கம்பியை மேல்நோக்கித் தள்ளி வளைத்தால், இவள் மேலேயிருந்து கீழே இழுத்து வளைப்பாள். அவளுடைய அந்த அழுகிற "டிய்யாவ்" அதில்தான் பிறக்கிறது. வருடக்கணக்காகச் சோபாவில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்த நான், எந்தக் கை என்று மட்டுமே கவனித்திருக்கிறேன். நான் வரைந்தது ஒரு நல்ல இடது கை கிட்டார்தான். என் அக்காவுக்கு மட்டும் வாசிக்க வராது.

"மேல் பல் செட்டைக் கீழே மாட்டின மாதிரி," என்று பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அக்கா அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் தோளில் கை போட்டாள். "அட, இதுக்கா? ஒண்ணுமில்லடி. இப்படியே செய். நான் முறைப்படி கத்துக்கறேன். நல்லதுதானே? எத்தனை நாளைக்குத் தலைகீழா வாசிக்கிறது?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வண்டியில் ஏறும் நோயாளியின் வீட்டாரிடம், "ஒண்ணுமில்லைங்க, பயப்படாதீங்க, போயிடலாம்" என்று அவள் சொல்லும் குரல். ஏதாவது இருக்கும்போதுதான் அந்தக் குரல் வரும். மாதக் கடைசிக்குள் விரல்களைப் புதிதாகப் பழக்க முடியாது என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"மாட்டேன்," என்றேன்.

"என்ன மாட்ட?"

"இப்படிச் செய்ய மாட்டேன். நீ போகாத. டீச்சர், வரைபடத்தை எத்தனை மணிக்குள்ள தரணும்?"

"வகுப்பு முடியறதுக்குள்ள தாம்மா. நாளைக்குக் காலையில மாத்த முடியாது, இப்பவே சொல்லிட்டேன்," என்றார் டீச்சர். ஆனால் காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பிறகு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன், முடியவில்லை. அத்தனையும் ஒரே மூச்சில் நடந்தது. வெளிவடிவம் நான் வரைந்தபடியே இருக்கலாம் என்று முதலில் புரிந்தது. கவிழ்த்த கிட்டாரில் மேல்ஸ்தாயிச் சுரங்களுக்குக் கை எட்டாமல், உடலிலிருந்து நீளும் ஒரு கொம்பு குறுக்கே நிற்குமாம். அவள் மணிக்கட்டை முறுக்கித்தான் எட்டுவாளாம். என் வடிவத்தில் அந்த இடம் திறந்து கிடக்கிறது. அங்கே கையை விட்டுப் பார்த்து, "அய்யோ, இங்க வரைக்கும் போகலாமா!" என்று கூவினாள். ஆக, உடல் என்னுடைய இடது கை உடல். கம்பிகள் அவளுடைய தலைகீழ்க் கம்பிகள். குமிழ்கள் மேலே.

மேலே என்றால் சரியாக எங்கே? குழி கொஞ்சம் தள்ளிப் போனாலும் முழங்கை தேடும். டீச்சரின் மேசையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அக்காவின் சீருடைக் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தேய்த்தேன். "ஏய், இது துவைச்ச சட்டைடி!" என்று அலறினாள். அட்டையின் மேல் கறுப்புக் காகிதம் ஒட்டி மாட்டிவிட்டேன்.

"முழுப் பாட்டையும் வாசி. நடுவுல நிறுத்தாத. யோசிக்கவும் கூடாது."

"அட, நாங்களும் இதைத்தானே பண்றோம்!" என்று பல் டாக்டர் குதித்தார். "நீலக் காகிதத்தை வெச்சு, கடிங்கன்னு சொல்வோம். எங்க இடிக்குதுன்னு அதுவே காட்டிரும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாயால் முழுப் பாட்டையும் வாசித்தாள். அலமாரிக்காரர்களும் முக்காலிக்காரர்களும் சுற்றி நின்று தாளம் போட்டார்கள். முடிந்ததும் காகிதத்தைப் பார்த்தோம். மேல் விளிம்பு முழுக்க வெள்ளைத் தீற்றல். அதற்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் மட்டும் நாணயம் வைத்து அழுத்தினாற்போல அடர்த்தியான வட்டம். ஒவ்வொரு "டிய்யாவ்" வரும்போதும் அவள் கை அதே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. நான் அளந்து வைத்த எதுவும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. வாங்கிய கழுத்து வலது கைக்காரர்களுக்கானது. அதன் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட வெள்ளைத் துண்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒன்று அறுக்கப் போகிறேன் என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது தேவையில்லை. கவிழ்த்து மாட்டினால் அதுவே அக்காவின் வரிசை. ஒரே குறை, கழுத்தின் பக்கவாட்டில் இடம் காட்டும் சிறு புள்ளிகள் அடிப்பக்கம் போய்விடும்.

"புள்ளியா? அது வேற இருக்கா?" என்றாள் அக்கா.

"எல்லா கிட்டார்லயும் மேல்பக்கம் இருக்கும்க்கா. எங்க விரல் வெக்கணும்னு பார்க்கிறதுக்கு."

"அப்ப இத்தனை வருஷமா நான் போர்டே இல்லாத ரோட்டுலதான் வண்டி ஓட்டியிருக்கேனா!" அவள் சிரித்துச் சிரித்து முக்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். முக்காலியைச் செய்துகொண்டிருந்தவர், "மேடம், பசை காயலை!" என்று ஓடி வந்தார்.

அவள் பக்கமாகப் புதுப் புள்ளிகள் பதிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "நீலத்துல வெப்பியா?" என்று கேட்டாள்.

டீச்சர் விளக்கை அணைக்கச் சுவிட்சில் கை வைத்தபடி நிற்க, புது வரைபடத்தைக் கொடுத்தேன். அவர் தலையைச் சாய்த்து, காகிதத்தைத் திருப்பி, மறுபடி திருப்பினார். "இப்படி ஒரு கிட்டாரை நான் பார்த்ததே இல்லைம்மா. நல்லாப் பார்த்துட்டியா? நிச்சயமா இதான?"

நான் எதையும் நிச்சயம் என்று சொல்கிற ஆள் இல்லை. அக்காவின் சட்டைக் கையிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்தேன்.

"நிச்சயமா இதான் டீச்சர்."

நாளை மாலை ஆறு மணிக்குள் பட்டறைக்குப் போய், சுண்ணாம்பு வட்டம் பதிந்த அந்த அட்டையைப் பலகைமேல் ஒட்டி, இயந்திரத்தில் முதலில் முழங்கைக் குமிழுக்கான குழியைக் குடைய வேண்டும். பிறகு வெளிவடிவம்.