கழுவிய பாறைகள்

புது வீட்டில் மீன் தொட்டியின் மேல் நுரை நின்றது.

ரென்ஸ்கே விரலால் தொட்டு முகர்ந்தாள். சோப்பு.

"என்னடா பண்ணின?"

"உனக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணினேன்," என்றான் தம்பி டௌவே. "பாறையெல்லாம் ஒரே நாத்தம் அக்கா. பழுப்பா என்னென்னமோ ஒட்டிக்கிட்டு. புது வீட்டுக்குள்ள அதோட எப்படிக் கொண்டு வர்றது? சுடுதண்ணியில பச்சை சோப்பு போட்டு, பிரஷ் வெச்சுத் தேய்ச்சு, நானே அடுக்கிட்டேன். நாப்பது கிலோ. இடுப்பு போச்சு."

"ஈரமா வெச்சிருன்னுதானே சொன்னேன்."

"ஈரமாத்தானே இருக்கு."

அவன் பாராட்டுக்காக நின்றான். முந்தைய நாள் பாறைகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனவன். அவளே கொடுத்தனுப்பினாள்.

பதினேழு வருடமாக அந்தப் பாறைகளின் துளைகளில் வாழ்ந்த நுண்ணுயிர்கள்தான் மீன்களின் கழிவைத் தின்று நீரைக் காத்தன. பழைய மணலை அவளே வெள்ளிக்கிழமை கொட்டிவிட்டாள்; கிளறினால் விஷம் கிளம்பும். பாறை இருக்கிறதே என்று கொட்டினாள். பீப்பாய்களில் கொண்டுவந்த பழைய நீர் முழுவதும் இப்போது நுரைக்கு அடியில் இருந்தது.

மீன்கள் காலை எட்டு மணியிலிருந்து வாளிகளில் இருந்தன. ஒன்றில் கோமாளி மீன் ஜோடி. இன்னொன்றில் உள்ளங்கை அகல மஞ்சள் மீன். அதை அம்மணி என்று கூப்பிடுவாள். மணி ஒன்றரை.

சோதனைக் குழாயில் வாளி நீரை எடுத்துத் துளிகளை விட்டாள். மஞ்சளாக நிற்க வேண்டியது பச்சையானது. அம்மோனியா. புதிதாக உப்பு கலந்து கடல்நீர் தயாரித்தால் நாளைக்குத்தான் ஆகும்.

"பெரிய தப்பா?" என்றான் டௌவே.

"வாளியைத் தூக்கு. காருக்கு."

மீன் வளர்ப்போர் சங்கத்தில் ஐந்து பேரிடம் பெரிய தொட்டி இருந்தது. இருவர் ஃபோனை எடுக்கவில்லை. ஒருவர் ஸ்பெயினில். ஒருவரின் தொட்டியில் மீன்களுக்கு வெண்புள்ளி நோய். மிச்சம் கெர்பென்.

இரண்டு வருடங்களுக்கு முன் கெர்பெனின் ஹீட்டர் பழுதாகி அவர் மீன்கள் எல்லாம் செத்தன. அடுத்த கூட்டத்தில் ரென்ஸ்கே எழுந்து, தினமும் வெப்பமானியைப் பார்க்காதவர் மீன் வளர்க்கக் கூடாது என்றாள். பதினோரு பேர் முன்னால். அதன் பிறகு அவர் அவளிடம் பேசியதில்லை.

"ரென்ஸ்கே பேசறேன்."

பின்னணியில் சிரிப்புச் சத்தம். "வீட்ல மனைவிக்குப் பிறந்தநாள்," என்றார் கெர்பென்.

"மூணு மீன். என் தொட்டி போச்சு."

"எப்படிப் போச்சு?"

"சோப்பு."



"வாங்க."

கெர்பென் இருக்கும் ஹாரென், காரில் பத்து நிமிடம். நவம்பர் மழை. காரில் ஹீட்டரைக் கடைசி வரை திருப்பினான் டௌவே. அவள் பின்சீட்டில் வாளிகளை முழங்கால்களால் அணைத்துக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தபடி வந்தாள். இருபத்திரண்டு டிகிரி; இருபத்தைந்தாவது வேண்டும். அம்மணி மேலே வந்து வாயைத் திறந்து மூடியது.

வாளிகளை நடையில் வைத்தார்கள். கூடத்தில் வட்டமாக நாற்காலிகள். பதினான்கு பேர், மடியில் கேக் தட்டு. கெர்பென் வட்டத்தின் மறுகோடியில் காப்பிக் கோப்பையோடு நின்றார். நேராகப் பின்னறைக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

பிறந்தநாள் வீட்டில் வட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துவது ஊர் வழக்கம்; அவள் முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தாள். பிறந்தநாள்காரியின் கையைக் குலுக்கினாள். பிறகு பிறந்தநாள்காரியின் அம்மா. "மக பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்." அப்பா. அக்கா. "தங்கச்சி பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்." அக்காவின் கணவர். கை உப்பில் பிசுபிசுத்தது. ஆறாவதாக இருந்த மாமா கையை விடவில்லை.

"பரிசு வாளியிலயா வந்திருக்கு? ஹெரிங் மீன்னா சொல்லும்மா, பச்சையாவே தின்ன வெங்காயம் நறுக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏழு. எட்டு. பின்னாலேயே டௌவே ஒவ்வொருவருக்கும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான். பதினான்காவது கைக்குப் பிறகு கெர்பென்.

"மனைவி பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்," என்றாள்.

"நன்றி," என்றார். கோப்பையை வைத்தார். "எங்க இருக்கு?"

பின்னறையில் சுவர் நீளத்துக்குத் தொட்டி. தரையிலிருந்து மேல் வரை பாறை. அம்மணி வாளியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள்கள் வேகமாக அடித்தன.

"உங்க தொட்டித் தண்ணியை வாளியில சொட்டுச் சொட்டா விட்டு மீனைப் பழக்க மெல்லிசு குழாய் இருக்கா?" என்றாள். "ஒரு மணி நேரமாவது விடணும்."

"ஒரு மணி நேரம் இந்த வாளித் தண்ணியிலயா? அதுக்குள்ள செத்துடும். நேரா விடணும்."

அவள் வாழ்நாளில் ஒரு மீனையும் நேராக விட்டதில்லை. வெப்பமானியைப் பார்த்தாள். இருபத்தொன்று.

"சரி."

"இருங்க." அவர் வாளிக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றார். "உள்ள போனா திரும்பப் பிடிக்க முடியாது. பாறையைப் பார்த்தீங்கல்ல. உங்களுக்காக நான் அதைப் பிரிக்க மாட்டேன்."

"தெரியும்."

"அடுத்த மாசம் தொட்டி சரியாயிடுச்சு, கொடுங்கன்னு வரக் கூடாது."

"கூடாது."

"வெப்பமானியை தினமும் பார்க்காத ஆளோட வீடு இது."

அவள் அவரைப் பார்த்தாள். "சொன்னேன். அதைச் சொன்னப்ப உங்க மீனெல்லாம் செத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு."

"ஆறு நாள்," என்றார் கெர்பென். விலகினார்.

கோமாளி மீன்களை அவர் வலைக் கூடையில் எடுத்து விட்டார். இரண்டும் உடனே ஒரு மூலையில் ஒதுங்கின. அம்மணிக்கு வலை வேண்டாம் என்றாள். வாலோர முள் சிக்கும். இரு கைகளையும் வாளிக்குள் விட்டு அடியில் தாங்கினாள். மீன் எதிர்க்கவில்லை. தொட்டி நீர் சூடாக இருந்தது. கையை விலக்கினாள்.

அம்மணி மணலில் போய்ச் சாய்ந்தது.

கூடத்தில் பாட ஆரம்பித்தார்கள். பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள், இன்னொரு பாட்டு தொடங்கியது. டௌவே கதவருகில் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அக்கா, நான்..."

"அப்புறம்."

ஒரு துடுப்பு அசைந்தது. மறுபடி அசைந்தது. மீன் நிமிர்ந்து, கோணலாக ஒரு சுற்று வந்து, பாறை இடுக்கில் நுழைந்தது. மஞ்சள் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ரென்ஸ்கே முழங்கை வரை நனைந்த கைகளோடு நின்றாள். கெர்பென் துண்டை நீட்டினார்.

"பார்க்க வரலாமா?"

"புதன்கிழமை வாங்க."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.