மீசைக்கு ஓர் ஓட்டு

மீசையை ஒதுக்கிக்கொள்ள வந்த மச்சினன் நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டியபோதே சலூன்காரருக்கு ரத்தம் கொதித்தது. அன்று காலையில்தான், காலி செய்யச் சொல்லிக் கடைக்கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இருபது வருஷக் கடை.

"ஏன் மாமா உர்ருனு இருக்கீங்க? நம்ம டோக்கன் விலை ஏறிடுச்சு, தெரியுமா?"

சலூன்காரர் சோப்பைக் குழைத்தார். போன வருஷம் கட்டடத்தின் சொந்தக்காரர் அதை ஆயிரக்கணக்கான பங்குகளாக்கி, டோக்கன் என்று பெயர் வைத்து, செல்போனிலேயே விற்றுவிட்டார். விற்றுக்கொடுத்த ஏஜெண்டு இந்த மச்சினன்தான். "வாடகை கட்டுற கட்டடத்துக்கு நீங்களும் ஓனர் மாமா" என்று தேனொழுகப் பேசி, புது நாற்காலிக்குச் சேர்த்த பணத்தை அதில் போடவைத்தான். சலூன்காரருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. மழையில் கூரை ஒழுகியபோதோ, யாரிடம் போய்ச் சொல்வதென்றே தெரியவில்லை. ஓனர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். ஒருவர் தலையிலும் சொட்டவில்லை.

"காலி பண்ணணும்னு எப்ப மாப்ளே முடிவாச்சு?"

"போன வாரம் ஓட்டெடுத்தாங்க. இடிச்சிட்டு ஓட்டல் கட்டினா நல்ல லாபம்."

"எனக்கும் ஓட்டு இருந்துச்சே?"

"பாஸ்வேர்ட எங்கிட்ட குடுத்து, நீயே பாத்துக்கோன்னீங்களே மாமா? என் கஸ்டமர் எல்லாருக்கும் சேத்து 'சரி'ன்னு அமுக்கிட்டேன்."

கத்தி அவன் தாடையிலேயே நின்றது. கடையை மூடச் சொல்லித் தன் ஓட்டே விழுந்திருக்கிறது! இந்தத் தடியனைவிட, கண்ணை மூடிக்கொண்டு பாஸ்வேர்டைக் கொடுத்த தன்மீதுதான் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. லாபமாம் லாபம். வேறு கடைக்கு ஒரு மாத வாடகைகூட அவர் பங்கில் தேறாது.

பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"இவர் மீசைய எடுத்துடலாமா? சரின்னா கையத் தூக்குங்க."

மூன்று கைகளும் சிரிப்போடு உயர்ந்தன. அவர்களுக்கென்ன, போவது அடுத்தவன் மீசை.

"மாமா, விளையாடாதீங்க! மீசை என்னுது!"

"கடை என்னுதுன்னுதான் நானும் நெனச்சேன். ஆடாதே, வெட்டிடும்."

ஒரே இழுப்பில் பாதி மீசை போயிற்று. மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் ஓடினான். பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சலூன்காரர் சிரிக்கவில்லை.

"அவனுக்கு மாசத்துல முளைச்சிடும்" என்று கத்தியைத் துடைத்தார். "அடுத்து யாரு? உக்காருங்க."