பக்கத்து நாற்காலி

ஈரலில் ஹெபடைடிஸ் பி என்று தெரிந்ததிலிருந்து, வாழைக்காய் வியாபாரி இசக்கிதுரைக்கு உடம்பைவிட மனசுதான் அதிகம் படுத்தியது. கூட இருந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டர் அடித்துச் சொன்னார். மனசுக்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்து வந்துவிட்டார் இவர்.

ஆழ்வார்திருநகரியில் கல்யாணப் பந்தி. ஒரு பக்கம் மனைவி முத்துராணி. மறுபக்கத்து நாற்காலி மட்டும் காலி. வந்தவனெல்லாம் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்தான். 'நம்ம சீக்கு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.' இசக்கிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளி மந்திரமூர்த்தியும் எட்டிப் பார்த்துவிட்டு நகரவே, பொறுக்கவில்லை.

"ஏலே! எனக்கு ஈரல்ல சீக்குன்னா, பக்கத்துல உக்காந்தா ஒனக்கும் வந்துருமாலே?"

பந்தியே திரும்பியது.

"சீக்கா? எனக்கெப்படி வே தெரியும்? ஆருக்கோ எடம் போட்டிருக்கீரு, துண்டு கெடக்குல்லா!"

யாருக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று, உட்கார்ந்ததும் இவரே போட்டு, மறந்தே போன துண்டு.

முத்துராணி எட்டி அதை எடுத்தாள். மந்திரமூர்த்தி உட்கார்ந்தார். தன் இலை வருமுன்னே, இவர் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கினார்.

இசக்கிதுரை மனைவி பக்கம் பையச் சாய்ந்தார்.

"ஏட்டி, அந்த மனசு டாக்டரு எங்கன இருக்காராம்?"